வாசலில் பேர் கூப்பிட்டவன் எழுதுவது

அன்பு மகளே,

இத்தனையும் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். எச்.ஆர். படிக்கப்போகிறேன் என்று நீ விண்ணப்பத்தோடு வந்து நின்றபோது உங்கம்மாவிடம் என்ன சொன்னேன்? "அண்ணி, எழுதி வச்சுக்குங்க. இது படிச்சிட்டு எங்க இறால் கம்பெனிக்கே வரும். எனக்கு மேலயே உக்காரும். அப்புறம் ஒருநாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு வூட்ல உக்காந்து அழுவும்." மூன்றும் வரிசை மாறாமல் நடந்துவிட்டன. உங்கம்மாவைக் கேட்டால் நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்பார்கள். அப்போது மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் காதில் விழுந்திருக்காது.

மகளே என்று எழுத எனக்கு உரிமை உண்டு. அண்ணன் போனபோது நீ ஒன்பதாவது படித்தாய். அதற்குப் பிறகு அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி டவுன் பள்ளிக்கூடம் வரைக்கும் உன்னைச் சைக்கிளில் வைத்து மிதித்தவன் இந்தச் சித்தப்பன். ஒரு மழைக்கு ரோட்டில் இடுப்பளவு வெள்ளம் ஓடியபோது உன்னைத் தூக்கிக்கொண்டு கடந்தேன். தண்ணீர் முழங்கால்தான் இருந்தது என்று நீ சொல்வாய். தூக்கினவனுக்குத்தான் ஆழம் தெரியும்.

நேற்று உங்கம்மா போன் செய்தார்கள். "தம்பி, தூத்துக்குடி கம்பெனில குடுத்த வேலைய வேணாம்னு எழுதப் போறாளாம். திங்கக்கெழமக்குள்ள பதில் கேட்டிருக்காங்களாம். இந்த வேலையே எனக்கு ஒத்து வராதும்மா, எங்கனா இஸ்கூல்ல டீச்சரா போறேங்கிறா. நீயாவது எடுத்துச் சொல்லேன்" என்றார்கள். நேரில் வந்து சொல்லலாம். ஆனால் நேரில் வந்தால் நான் பேச்சை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவேன், உன்னைச் சிரிக்க வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்துச் சாமியார் ஸ்கூல் பெரிய ஃபாதர், "இவன் கலெக்டருக்கு எழுதுவான்" என்று சொல்லியிருக்கிறார்.

இது உனக்கு மட்டும் எழுதுவதும் இல்லை. ஆட்களை வைத்து வேலை வாங்குகிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீயே நாலு பேருக்குக் காட்டு.

நீ வருவதற்கு முன்னால் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் பின்பக்கம் இருக்கிற நம் கம்பெனியில் எச்.ஆர். யார்? நான்தான். பலகை இல்லை, ரூம் இல்லை, ஏ.சி. இல்லை. மேஸ்திரி என்று பேர். காலையில் கேட்டில் நின்று நூற்று நாற்பது பொம்பளைகளையும் தாள் பார்க்காமல் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். "அஞ்சலை!" என்றால் "வந்துட்டேண்ணே!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து குரல் வரும். என் குரல் ஏலக்கூடம் வரைக்கும் கேட்கும். போட்டிலிருந்து இறங்குகிறவர்கள் அதை வைத்து மணி சொல்வார்கள். பிரான்சில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்ததால் நாமெல்லாம் முசியே என்று கூப்பிடுகிற முதலாளி, ஒரு நாள் காரை நிறுத்தி இறங்கி என் கையைப் பிடித்து, "இந்தக் குரலுக்குப் பாரீசில் மேடை கிடைக்கும்" என்றார். கூட யாரும் இல்லாத நேரம் அது.

கூப்பிடுகிறபோதே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். குரல் உள்ளே போயிருந்தால் வீட்டில் சண்டை. பதில் தாமதமாக வந்தால் பிள்ளைக்கு ஜுரம். யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தால் இறால் உரிக்கிற மேஜை தாங்காது என்பது வரைக்கும் தெரியும். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட அந்த ஓர்ப்படிகள் இரண்டு பேரையும் நினைத்துப் பார். பக்கத்தில் உட்கார வைத்தால் இறால் தலையை ஒருத்தி மேல் ஒருத்தி வீசுவார்கள். எட்டு வருஷம் நான் அவர்களை ஆளுக்கு ஒரு மூலையில் வைத்துக் காப்பாற்றினேன். அதை நிர்வாகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்தாய். கதவில் மனிதவள அலுவலர் என்று பலகை மாட்டினார்கள். வந்த இரண்டாவது வாரம் அந்த ஓர்ப்படிகளைக் கூப்பிட்டு, "இன்னாக்கா சண்ட உங்களுக்குள்ள?" என்று கேட்டாய். எட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரைக் கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் சண்டை, இரண்டு பேருக்கும் ஒரே நாள் வார லீவு என்பதுதான் முடிச்சு என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாய். ஒருத்தி லீவைப் புதன்கிழமைக்கு மாற்றினாய். அவ்வளவுதான். மறுநாள் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்சில் சாப்பிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வயிறு எரிந்தது. உன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசை ஒரு பக்கம் இருந்தது, எரிச்சல் ஒரு பக்கம் இருந்தது, இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன. மீன் விஷயத்தைச் சொல்லட்டுமா? வீட்டு ஆம்பளைகள் கடலுக்குப் போய் நல்ல மீன்பாடு கிடைத்தால், நம் பொம்பளைகள் வாழையிலையில் சுற்றி நாலு சங்கரா மீனை என் சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டுப் போவார்கள். யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை, மனசில் இருக்கிறவர்களுக்குக் கொடுப்பது. உன் ஸ்கூட்டர் வந்த பிறகு இலைப்பொட்டலம் அதில் தொங்க ஆரம்பித்தது. நீ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாய், அதற்கும் அவர்கள் உன்னைப் புகழ்ந்தார்கள். "பாப்பா கைநீட்டாதுப்பா" என்று என் எதிரிலேயே பேசினார்கள். நான் என்ன கைநீட்டியா வாங்கினேன்? ஹாண்டில்பாரில்தானே மாட்டினார்கள்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. மீன் கொடுத்தவளுக்கு நான் ஃபேனுக்குக் கீழே இடம் கொடுத்தேன். கொடுக்காதவள் தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஓரம் உட்கார்ந்தாள். நானாக எண்ணிச் செய்ததில்லை, ஆனால் அப்படித்தான் போய் முடிந்தது. நீ மேஜைக்கு மேஜை வாரம் மாற்றி உட்கார வைத்தாய். சாக்கடை ஓரம் பதினாலு வருஷம் உட்கார்ந்த அஞ்சலை அந்த வாரம்தான் ஃபேனுக்குக் கீழே வந்தாள். கம்பெனியிலேயே வேகமாக இறால் உரிக்கிறவள், யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவள். மூஞ்சியில் காற்று பட்டதும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எச்.ஆர். எதற்கு, ஆள் எடுக்கவும் ஆள் தள்ளவும் ஒரு ஆபீஸா என்று யாராவது கேட்டால் இதைச் சொல். நான் சொன்னேன் என்றே சொல்.

அப்புறம்தான் முசியே அந்த விரல் ரேகை மெஷினை வாங்கி வந்தார். கேட்டில் நான் நிற்கிற இடத்திலேயே, சரியாக என் தலை சாய்கிற சுவரிலேயே மாட்டினார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு, ஆள் வந்தாச்சு. சிவப்பு என்றால் ஆள் வரவில்லை. பேர் கூப்பிடுகிற வேலை போய்விட்டது. "மேஸ்திரி, நீங்க இனிமே ஐஸ் ரூம் பாத்துக்குங்க" என்று முசியே சொன்னார். நூற்று நாற்பது பேர் பதில் சொல்லிக்கொண்டிருந்த குரலை வைத்துக்கொண்டு நான் ஐஸ்கட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு நீதான் ஒரு மரியாதை செய்தாய். எல்லாரையும் கூட்டி வைத்து, "மெஷின்ல எதுனா கோளாறுன்னா மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. அவரு எனக்கு சொல்லுவாரு" என்றாய். சித்தப்பாவுக்கு ஒரு இடம் இருக்கட்டும் என்றுதான் சொன்னாய். எனக்குப் புரிந்தது.

இறால் உரிக்கிற கைக்கும் அந்த மெஷினுக்கும் ஒத்துவராது என்று யாருக்குமே தோன்றவில்லை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓட்டில் தேய்ந்து தேய்ந்து ரேகை வழுவழு என்று போயிருக்கும். மற்றவர்களுக்கு நாலு தடவை அழுத்தினால் பச்சை வந்தது. அஞ்சலைக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் வரவில்லை. வேலையில் கெட்டிக்காரி என்பதால்தான் அவளுக்கு வரவில்லை. அவள் பாட்டுக்கு உள்ளே போய் வேலை செய்தாள். தொப்பியும் முகமூடியும் மாட்டினால் எல்லாரும் ஒரே முகம். பன்னிரண்டு நாள் சிவப்பு என்றால் பேரை எடுத்துவிடுவது என்பது முசியே போட்ட சட்டம். பட்டியல் உன் மேஜைக்கு வந்தபோது நீ என்னைக் கேட்டாய், "அஞ்சலக்கா வர்றதில்லியா சித்தப்பா?" என்று. ஐஸ் ரூமில் கிடக்கிறவனுக்கு என்ன தெரியும் பாப்பா, கவனிக்கலை என்றேன். அவளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீ அவள் பேரை எடுக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட்டாய்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் நீயே கேட்டில் நின்றாய். வேறொரு பொம்பளைக்குச் சிவப்பு எரிந்ததைப் பார்த்தாய். அவள் கையைப் பிடித்து விரலைத் தடவிப் பார்த்தாய். "அஞ்சலக்காவுக்கும் இப்பிடித்தானா?" என்று கேட்டாய்.  வரிசையில் நின்ற ஒருத்தி, "அதுக்கு மொத நாள்லேந்தே செவப்புதான் பாப்பா" என்றாள். நீ ஸ்கூட்டரை எடுத்தாய். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வீராம்பட்டினத்தில் அஞ்சலை தன் வீட்டு வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேலை போனதும் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கப் போயிருக்கிறாள். வெயிலில் கழுத்தெல்லாம் கறுத்துக் கிடந்தது. நீ அவள் எதிரில் போய், "தப்பு என்னோடதுக்கா. நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றாய். தெருவில் பத்துப் பேர் நின்றார்கள். எந்த அதிகாரி அப்படிப் பத்துப் பேர் முன்னால் சொல்வார்? அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்தாள்.

"இன்னா பாப்பா, உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பேனாக்கா? ஏன்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். அப்புறம், "தோணல பாப்பா" என்றாள்.

முசியே அவளைத் திரும்ப எடுக்க முடியாது என்று குதித்தார். "கையெழுத்துப் போட்ட கடிதம், அதைத் திரும்ப வாங்குவது கம்பெனிக்கு மரியாதை இல்லை" என்றார். "தப்பான கடிதத்தை வைத்துக்கொண்டிருப்பது அதைவிட மரியாதைக் குறைவு முசியே" என்று நீ சொன்னாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அப்புறம் நீ மேஜை மேஜையாகப் போய் அவர்கள் உரிப்பதைப் பார்த்தாய். இடது கைச் சுண்டுவிரல் இறால் மேல் படுவதே இல்லை என்று கண்டுபிடித்து, எல்லாருக்கும் அந்த விரலையே மெஷினில் பதிய வைத்தாய். இது நான் சொன்ன யோசனை என்று ஏலக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்கள் வாயை நான் எப்படி மூட முடியும்?

அஞ்சலையும் வேலைக்குத் திரும்பினாள், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு வீராம்பட்டினத்திலிருந்து திரும்பி வருகிறபோது பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை ஓரம் நிறுத்திவிட்டு நீ கேட்டாயே: "எங்கிட்ட வந்து சொல்லணும்னு அதுக்குத் தோணவே இல்ல சித்தப்பா. அப்புறம் நான் இன்னா எச்.ஆர்.?" அதிலிருந்து நீ பழையபடி இல்லை. மேஜை மாற்றியதும், வார லீவு மாற்றியதும் எல்லாம் மேல்பூச்சு, உள்ளே யாருக்கும் என்மேல் நம்பிக்கை இல்லை என்று உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். தூத்துக்குடியில் ஆயிரம் பொம்பளைகள், இங்கே ஒருத்தியின் வாயைத் திறக்க வைக்க முடியாதவள் அங்கே போய் என்ன செய்ய என்று கேட்டாயாம்.

அந்த வேலை உனக்கு வந்தது தெரிந்தபோதும் எனக்கு எரிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஊருக்கு ஒரு தடவை என்னையும் கூப்பிட்டார்கள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். நீ போகவில்லை என்று அண்ணி சொன்னபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உள்ளே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்கே பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். நீ வேலையை விடுவது உன் இஷ்டம். ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பிக்கொண்டு விடக்கூடாது.

சொல்கிறேன், கேள். சிவப்பு எரிந்த முதல் நாளே அஞ்சலை ஐஸ் ரூமுக்கு வந்தாள். ஈரக் கையை நீட்டிக்காட்டி, "மேஸ்திரிண்ணே, இந்தப் பொட்டி என்ன சேத்துக்கமாட்டுது. பாப்பாகிட்ட சொல்லுண்ணே. நானே போவேன், இந்தக் கவிச்சிக் கையோட அந்த ரூமுக்குள்ள எப்பிடிப் போறது" என்றாள். சொல்றேன் போ என்றேன். சொல்லவில்லை. மெஷின் தோற்கட்டும், நாலு நாளில் முசியே என்னை மறுபடி கேட்டுக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். உனக்கும் ஒரு சின்ன அடி விழட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு விழும் என்று நினைக்கவில்லை. அஞ்சாறு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். சொல்லிக்கிட்டே இருக்கேன் என்றேன். கடிதம் போவதற்கு இரண்டு நாள் முன்னால் மூன்றாவது தடவையாக வந்து, "சொன்னியாண்ணே?" என்று கேட்டாள். நான், "சொல்லிட்டேன். பாப்பா பாக்கறேன்னுச்சு" என்றேன்.

அந்தப் பேச்சை நம்பிக்கொண்டுதான் அவள் உன் கையெழுத்துப் போட்ட கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். உனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் வெளியே தள்ளிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் கூடை சுமந்தாள். நீ வாசலில் போய் நின்று பேசியபோதுதான் அவளுக்கு விளங்கியது. தோணல என்று சொன்னபோது அவள் உன்னைப் பார்க்கவில்லை. உன் தோளுக்கு மேலே பின்னால் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னாள். சித்தப்பனையும் மகளையும் தெருவில் வைத்துப் பிரிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாளைக் காலையில் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வரும்போது முசியேவிடமும் சொல்லிவிட்டு வருவேன்.

நீ தூத்துக்குடிக்கு வருகிறேன் என்று எழுது. போன இடத்தில் ஒரு புகார் உன்னிடம் வருவதற்கு ஒரே ஒரு ஆளை வழியாக வைக்காதே, அவன் உன் சித்தப்பனே ஆனாலும் வைக்காதே. கவிச்சிக் கையோடு உள்ளே வரலாம் என்று நீயே உன் வாயால் சொல். உன்மேல் நம்பிக்கை இல்லாதவள் மூன்று தடவை நடந்திருக்கமாட்டாள். இந்தக் கடிதத்தில் வெள்ளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன், பாரீஸ் மேடையையும் கூட்டியிருப்பேன், அதெல்லாம் கிடக்கட்டும். அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று மேலே எழுதினேனே, அது நான் கட்டிய கதை. உன்னிடம் சொல்லத்தான் வந்தாள். வழியில் நான் நின்றேன்.

இப்படிக்கு,
சித்தப்பா